ஒரு மூடிதானே!

"ஒரு மூடிதானே அங்கிள், இதுக்குப் போய் இவ்ளோ சத்தம் போடுறீங்களே!"

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பையன் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. பையன் என்றால் முப்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்தினான். பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பானெட்டைத் தூக்கினான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இரண்டாக மடித்தான். ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்தான்.

நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "தொறக்காதே! கையை எடு!" என்று கத்தினேன். எழுபத்தைந்து வயதில் எனக்கு இவ்வளவு குரல் மிச்சம் இருக்கிறது என்று என் மனைவிக்கே அன்றுதான் தெரிந்தது. பையன் கையை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டுத்தான் சிரித்தான், மேலே சொன்ன வார்த்தையையும் சொன்னான்.

நல்ல பிள்ளை, என் மேல் மரியாதை உள்ளவன். அவனிடம் எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அந்த "தானே" மேல்தான். வண்டி வைத்திருப்பவர் சொல்கிறார், மெக்கானிக் சொல்கிறார், உதிரிபாகக் கடைக்காரர் சொல்கிறார், ஒரு காலத்தில் அரசாங்கமே சொன்னது. அரசாங்கத்தின் சார்பில் அப்போது அதைக் கோப்பில் எழுதியவன் நான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மூடி என்னவென்று பார்த்துவிடுவோம்.

எங்கள் ஆபீசில் சிலருக்குப் பதவிப் பெயர் ஒன்றாக இருக்கும், செய்கிற வேலை வேறாக இருக்கும். கடைநிலை ஊழியர் என்று பெயர். கருவூலச் சாவி அவரிடம்தான் இருக்கும். ரேடியேட்டர் மூடியின் கதையும் அப்படித்தான். தமிழில் மூடி என்கிறோம். ஆங்கிலத்தில் கேப் என்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சில் பூஷோன், அதாவது பாட்டில் தக்கை என்கிற அதே சொல். மூன்று மொழியும் சேர்ந்து அதன் பதவியைக் குறைத்து எழுதியிருக்கின்றன. உண்மையில் அது ஒரு வால்வு. ஒன்றுகூட இல்லை, இரண்டு வால்வு.

நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். குக்கர் தெரியும் அல்லவா? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும். மூடி போட்டு வெயிட் வைத்தால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. கூடினால் கொதிநிலையும் மேலே போகிறது. மலைக்குப் போனால் நேர்மாறு. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்டு 16-ல் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் எங்களுக்குப் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. பௌதிக வகுப்பில் மிசியே ஒரு படத்தைக் கரும்பலகையில் வரைந்தார். தடித்த இரும்புப் பானை, திருகு வைத்த மூடி, மூடியில் ஒரு சிறு துளை, துளையின் மேல் கம்பியில் தொங்கும் எடைக்கல். தெனி பாப்பேன் என்கிற பிரெஞ்சுக்காரர், 1647-ல் புளுவா நகரில் பிறந்தவர், 1679-ல் உருவாக்கிய பானை அது. எலும்பையே மெத்தென்று ஆக்கும் பானை. அழுத்தம் அளவு மீறினால் எடைக்கல் தூக்கிக்கொள்ளும், ஆவி வெளியேறும், பானை வெடிக்காது. 'சுபாப் தெ சுயுர்தே', பாதுகாப்பு வால்வு என்று மிசியே இரண்டு முறை சொன்னார், நாங்கள் இரண்டு முறை எழுதினோம்.

எங்கள் பெரிய மாமா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அவர் வீட்டில் ஒரு கொக்கோத் மினுத் இருந்தது. தெருவிலேயே முதல் குக்கர் அது. அது விசிலடிக்கும்போதெல்லாம் அத்தை அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடுவார். நான் மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்பேன், பாப்பேன் பானை எனக்குத் தெரியும் என்கிற கர்வத்தோடு. அந்தப் பாடத்துக்குப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதை இங்கே எழுதுவது பெருமைக்காக அல்ல. பின்னால் சொல்லப்போகும் குற்றத்துக்கு அதுதான் முக்கிய சாட்சி.

இப்போது காருக்கு வருவோம். ஆரம்ப காலக் கார்களில் ரேடியேட்டர் மூடி உண்மையிலேயே வெறும் மூடிதான். உள்ளே காற்று போய்வரும், தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து வழியும். ரோல்ஸ்ராய்ஸ் கார்களின் மூக்கில் இறக்கை விரித்து நிற்கும் அந்த வெள்ளிப் பெண்மணி 1911-ல் வந்தபோது நின்றது ரேடியேட்டர் மூடியின் மேல்தான். அழகுக்கு மேடையாக இருந்த பொருளுக்கு, பிற்பாடு வந்த பொறியாளர்கள் வேலை கொடுத்தார்கள். பாப்பேனின் எடைக்கல்லுக்குப் பதில் ஒரு ஸ்பிரிங்கை வைத்தார்கள்.

ஒரு மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது மட்டும். அடியில் ஸ்பிரிங்கின் முனையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ரேடியேட்டர் வாயின் உள்ளே இருக்கும் விளிம்பில் அந்த வளையம் அழுந்தி உட்காருகிறது. ஸ்பிரிங் எவ்வளவு பலமாக அழுத்துகிறதோ அவ்வளவு அழுத்தம் வரை தண்ணீர் வெளியேறாது. மாருதி 800 போன்ற சிறு வண்டிகளின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 0.9 கிலோ பாரம் என்று பொருள். வாயின் குறுக்களவு 3 சென்டிமீட்டர் என்று வைத்தால்கூட, அந்தச் சின்ன ஸ்பிரிங் 6 கிலோவுக்கு மேல் தாங்கி நிற்கிறது. அதன் பயன், உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும்.

இது முதல் வால்வு. அந்த ரப்பர் வளையத்தின் நடுவில் ஒரு சிறு தகடு தெரியும். அதுதான் இரண்டாவது வால்வு, யாரும் கவனிக்காத வால்வு. தண்ணீர் சூடானால் விரியும். 4 லிட்டர் கொள்ளும் வண்டியில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் கூடிவிடுகிறது. கூடியது முதல் வால்வைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துக் குழாய் வழியாக பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகிறது. இரவில் இன்ஜின் ஆறும்போது தண்ணீர் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது அந்தச் சிறு தகடு கீழ்நோக்கித் திறந்து, டப்பாவில் போன டம்ளர் தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். போனதைத் திருப்பி வாங்கி வரவு வைக்கும் நல்ல காசாளர்.

இந்த இரண்டில் எது கெட்டாலும் வண்டி சொல்லிவிடும். ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் முன்னதாகவே கொதிக்கும், டப்பா நிரம்பி வழியும், மூடியைச் சுற்றி வெள்ளையாகவோ துருநிறத்திலோ கறை படியும். நடுத்தகடு ஒட்டிக்கொண்டால் காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் உறிஞ்சின மாம்பழத் தோல் மாதிரி ஒட்டிப்போய்க் கிடக்கும். டப்பாவில் தண்ணீர் நிறைய இருக்கிறது, ரேடியேட்டரில் குறைந்திருக்கிறது என்றால் மூடி இழுக்கவில்லை. இத்தனையும் பார்க்கப் பட்டறை வேண்டாம், கண் இருந்தால் போதும்.

சரி, சூடாக இருக்கும்போது திறந்தால் என்ன? அதைத்தான் அந்தப் பையனுக்கு உட்காரவைத்துச் சொன்னேன். உள்ளே 118 டிகிரியில் இருக்கும் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை, ஸ்பிரிங் அதை அடக்கி வைத்திருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அதன் கொதிநிலை 100-க்கு இறங்கிவிடுகிறது. 18 டிகிரி சூடு உபரி. அந்த உபரி, ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 33 கிராம் தண்ணீரை அந்த இடத்திலேயே ஆவியாக்கிவிடும். 33 கிராம் என்றால் இரண்டு மேசைக்கரண்டி. ஆனால் ஆவியானால் அது 50 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கையகல வாய் வழியாக அவ்வளவும் ஒரு நொடியில் வெளியே வரும், மிச்சமுள்ள கொதிநீரையும் தூக்கிக்கொண்டு. எதிரில் இருப்பது நம் முகம். கைக்குட்டை என்ன செய்யும்?

பையனின் சிரிப்பு நின்றது. "இதெல்லாம் உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?" என்றான். "ஸ்கூல்ல படிச்சேன்" என்றேன். முழுப் பதிலை அன்று சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

1986. நான் ஒரு துறையில் எழுத்தர். பெயர் வேண்டாம், அந்த ஆபீஸ் இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறது. எங்களிடம் ஒரு பழைய டீசல் ஜீப். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அந்த ஜீப்பின் மூடியில் 7 என்று பொறித்திருக்கும், பவுண்டு கணக்கு. அந்த அழுத்தத்துக்குத் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை தாங்கும். ரப்பர் போய்விட்டது. இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றவேண்டிய நிலை.

புது மூடி வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். விலை முப்பது ரூபாய்கூட இல்லை. வண்டிக் கோப்பு என் மேசையில். மூடி என்றுதான் எழுதியிருந்தார். நானும் மூடி என்றே படித்தேன். அப்போது நான் ஆங்கிலத்தில் குறிப்பெழுதப் பழகியிருந்த காலம், அழகாக எழுதவேண்டும் என்கிற ஆசை வேறு. தேவையின் அவசியம் விளக்கப்படவில்லை, மூன்று விலைப்புள்ளிகளுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். விதிப்படி அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது.

டிரைவர் அண்ணன் ஒருமுறை மறுபடி எழுதினார். அதையும் திருப்பினேன், ஒரு விலைப்புள்ளி குறைகிறது என்று. மூன்றாவது முறை அவர் எழுதவில்லை. பழைய லாரி டியூபை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்துத் திருகிவிட்டார். ஒழுகல் நின்றது. "பாத்தீங்களா சார், செலவில்லாம முடிச்சிட்டேன்" என்றார். எல்லோரும் பாராட்டினோம். அந்த டியூப் ரப்பர், ஆவி வெளியேறவேண்டிய வழியையும் சேர்த்து அடைத்துவிட்டது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இனி அந்த மூடி நிஜமாகவே வெறும் மூடி ஆகிவிட்டது. எடைக்கல் தூக்கமுடியாத பாப்பேன் பானை.

மே மாதம், அக்னி நட்சத்திரம். பாகூர் பக்கம் ஒரு கணக்கெடுப்பு. பின்சீட்டில் பதிவேட்டோடு நான். வழியில் இன்ஜின் முனகியது, முன்னாலிருந்து கருகின வாசனை. ஒரு டீக்கடை அருகே நிறுத்தினார். பானெட்டைத் தூக்கினார். சாக்குத் துணியை நனைத்து எடுத்துக்கொண்டார். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

நான் தள்ளி நின்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மூடி அவர் கையிலிருந்து பறந்தது. சத்தம் குக்கர் விசில் போல இல்லை, சாக்கு கிழிவது போல இருந்தது. வலது கை, தோள், கழுத்து. டீக்கடைக்காரர் ஓடிவந்து கோதுமை மாவை அள்ளி அப்பினார். ஒருவர் இங்க் ஊற்றச் சொன்னார். எதிரில் வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கையைக் காட்டியிருந்தால் பாதி ரணம் குறைந்திருக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்தப் பம்புசெட்டின் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று வாசல் காவலுக்குப் போட்டார்கள். சம்பளப் பதிவேடு என் மேசையில்தான். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு மாதமும் என் எதிரில் வந்து, இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துப் பழகுவது போலக் கையெழுத்துப் போடுவார். ஒருநாளும் அந்தக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. புது மூடியை விபத்துக்கு மறுநாளே அவசரக் கொள்முதல் என்று வாங்கிவிட்டார்கள். விலைப்புள்ளி ஒன்றுகூட இல்லாமல். அந்தக் குறிப்பையும் நான்தான் எழுதினேன்.

யோசித்துப் பார்க்கிறேன். பாப்பேனின் பானை எனக்குத் தெரியும். ஆனால் அது பிரெஞ்சில் தெரியும். கோப்பை ஆங்கிலத்தில் எழுதினேன். டிரைவர் அண்ணனிடம் பேசினது தமிழில். என் மண்டைக்குள் மூன்று மொழியும் மூன்று தனி அலமாரியில் இருந்தன, ஒன்றின் சாவி இன்னொன்றில் சேரவில்லை. படித்ததை வாழ்க்கையில் உட்காரவைக்காதவன் படித்தவனா? நாற்பது வருஷமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் "ஒரு மூடிதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

இனி, வழக்கமாக எனக்குச் சொல்லப்படும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

"அதெல்லாம் மெக்கானிக் பார்த்துப்பார் சார்." பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம். ஆனால் வண்டி சூடாகிறது என்று போனால், முதல் காரியமாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் போனபிறகு தண்ணீருக்கு வழிவிடும் கதவு அது. அதைப் பிடுங்கினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானம் கூடும். மூல வியாதி அப்படியே இருக்கும். காய்ச்சல் என்று வந்தவனின் தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு, குணமாகிவிட்டது போ என்கிற வைத்தியம் இது.

"பெரிய நம்பர் மூடியாப் போட்டா இன்னும் நல்லது." 0.9-க்குப் பதில் 1.1 போட்டால் கொதிநிலை மூன்று டிகிரி கூடும், வாஸ்தவம். கூடவே ஹோஸ், தண்ணீர் பம்பின் சீல், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம் எல்லாவற்றின் மேலும் அழுத்தம் கூடும். எது நொய்ந்திருக்கிறதோ அது வெடிக்கும். குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக் குழவியை வைத்தால் சோறு சீக்கிரம் வேகுமா? வண்டிக் கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதே எண். எண் மட்டும் ஒத்தால் போதாது, மூடியின் ஆழமும் ஒத்திருக்கவேண்டும். ஆழம் குறைந்த மூடி மேலே அழகாகப் பூட்டிக்கொள்ளும், கீழே ரப்பர் விளிம்பைத் தொடவே தொடாது.

"நான் வெறும் தண்ணிதான் ஊத்துறேன், முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலே." நம் ஊர் போர் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஒரு மாதம் காய்ச்சிப் பாருங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டு வருவது நம் எல்லோருக்கும் தெரியும், குளியலறைக் குழாயே சொல்கிறது. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும், மூடியின் வாயிலும் படியும். படிந்தால் ரப்பர் சரியாக உட்காராது. கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையைக் கூட்டுகிறது. சரிபாதி கலவை திறந்த பாத்திரத்திலேயே 106 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். கலக்க பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: கூலன்ட் விஷம், ஆனால் தித்திப்பாக இருக்கும். தெருவில் கொட்டாதீர்கள். நாய் நக்கும், குழந்தை தொடும்.

"புது வண்டியில அந்த மூடியே கிடையாது சார்." ரேடியேட்டரின் மேல் இருக்காது. பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியின் மேல் திருகு மூடியாக உட்கார்ந்திருக்கிறது. வேலை அதேதான், ஆபத்தும் அதேதான். இந்தக் கட்டுரையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள், பிரான்சின் பழைய தெ ஷெவோ போல, காற்றால் குளிரும் இன்ஜின் வைத்திருப்பவர்கள் மட்டும். நம் தெருவில் அப்படி யாரும் இல்லை.

நியாயமாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வண்டி சூடாவதற்கெல்லாம் மூடிதான் காரணம் என்று சொல்லவில்லை. தண்ணீர் பம்பு, விசிறி, பெல்ட், அடைத்த ரேடியேட்டர், ஹெட் கேஸ்கெட் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் ஆக மலிவானது மூடி. மலிவானதை முதலில் பாருங்கள் என்கிறேன். சீட்டுக்கு உறை, டாஷ்போர்டில் சாமி, டயருக்கு எலுமிச்சம்பழம், உள்ளே வாசனை டப்பா எல்லாம் வாங்குகிறோம். எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமிக்கு முன்னால் இருக்கிற அந்த மூடிக்கும் சில நூறு ரூபாய் ஒதுக்கக் கூடாதா?

நம்மில் பாதிப்பேர் மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கிறோம். அதே நாளில் வண்டிக்கும் பாருங்கள். காலையில், இரவெல்லாம் ஆறின வண்டியில் மூடியைக் கழற்றுங்கள். ரப்பரில் வெடிப்பு உண்டா, கல் மாதிரி இறுகிவிட்டதா? நடுத்தகட்டை நகத்தால் மெல்ல இழுத்து விட்டால் படக்கென்று திரும்பி ஒட்டிக்கொள்கிறதா? ரேடியேட்டர் வாயின் உள்விளிம்பைத் துணியால் துடையுங்கள். மூடியின் அடிப்பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை மாதிரி. துருநிறம் என்றால் கூலன்ட் மாற்றவேண்டும். பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில் தண்ணீரில் கலக்கிறது, உடனே பட்டறை. சந்தேகம் என்றால் மூடியை மாற்றிவிடுங்கள். சோதிக்கும் கருவி பெரிய பட்டறைகளில் உண்டு. அதற்காக அலைவதைவிடப் புது மூடி சுலபம்.

வழியில் சூடானால்: ஏசியை நிறுத்துங்கள். ஓரம் கட்டும்வரை ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்கவேண்டாம், இன்ஜினின் சூட்டைக் கொஞ்சம் அது வாங்கிக்கொள்ளும். நிறுத்திவிட்டு இன்ஜினை அணையுங்கள். முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீரே இல்லாமல் போனால் முள் கீழே இறங்கி ஏமாற்றுவதும் உண்டு. முக்கால் மணி நேரம் காத்திருங்கள். டீ குடியுங்கள். பிறகு தடித்த துணியால் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னொரு டீ. தொய்ந்திருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை அழுத்தாமல் முதல் தடுப்பு வரை மட்டும் மெல்லத் திருப்புங்கள். சீறல் முழுக்க அடங்கட்டும். பிறகுதான் அழுத்தித் திருப்பிக் கழற்றவேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஹெட் கோணிவிடும். யார் மேலாவது கொதிநீர் பட்டுவிட்டால் மாவு, இங்க், பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம், பிறகு ஆஸ்பத்திரி.

பக்கத்து வீட்டுப் பையன் அன்று முக்கால் மணி நேரம் என் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். என் மனைவி காபி கொடுத்தாள். ஆறினபிறகு மூடியைக் கழற்றினோம். ரப்பர் மூன்று இடத்தில் வெடித்திருந்தது. மறுநாள் புதுசு வாங்கி வந்து காட்டினான், எண் சரியா என்று நானே கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பழையதை எறியப் போனான். கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

டிரைவர் அண்ணன் காலமாகி வெகுநாள் ஆகிறது. அவர் எழுதிக் கொடுத்த கோரிக்கைக்கு நான் எழுதியிருக்கவேண்டிய குறிப்பு இதுதான்: "இது மூடி அன்று, வால்வு. ஆள் உயிர் சம்பந்தப்பட்டது. இன்றே வாங்கலாம்." நாற்பது வருஷம் தாமதமாக, அவருக்குப் புரிந்த மொழியில் எழுதி, உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.